முகமறியாத் தேர்வு

2023-ஆம் ஆண்டு நவம்பர் 25, சனிக்கிழமை. மறுநாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. பீடத்தை அலங்கரிப்போரும் பாடகர் குழுவினருமாகக் கோவில் நிறைந்திருந்த அம்மாலை வேளையில், எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நான்காக மடித்த தாள் ஒன்றுடன் என் அறை வாயிலில் வந்து நின்றார். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று, பின் வணிகவியலில் பட்டம் பெற்றவர்.

"சாமி, நாளைக்குக் கேட் பரீட்சை. விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறணும். ஹால் டிக்கெட்ட மந்திரிச்சுக் கொடுங்க."

"நல்லாப் படிச்சிருக்கியா தம்பி?"

"கணக்கு வரும் சாமி. இங்கிலீஷ்ல கேள்வியப் படிச்சு முடிக்கறதுக்குள்ளதான் நேரம் போயிடுது."

செபித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சென்ற பின்னும் அவர் கூறிய கடைசி வார்த்தை என்னை விட்டுச் செல்லவில்லை. மேலாண்மைப் பள்ளிகளில் சேர்வதற்கென்று நடத்தப்பெறும் நுழைவுத் தேர்வுகளின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அதன் பிறகே. அவ்வரலாற்றில் நன்மையும் தீமையும் பின்னிக் கிடக்கக் கண்டேன். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரை மறைத்த தேர்வு

தேர்வு எழுதுவோரின் குலமும் செல்வமும் திருத்துவோரின் கண்ணில் படலாகாது என்ற எண்ணம் மிகப் பழையது. சீனப் பேரரசில் அரசு அலுவலரைத் தேர்வின் வழியாகத் தெரிந்தெடுக்கும் வழக்கம் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிலைத்திருந்து, 1905-இல் நீக்கப்பட்டது. சோங் அரச மரபின் காலத்தில் விடைத்தாளில் உள்ள பெயரை ஒட்டி மறைத்தனர். கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறிந்துவிடலாம் என்று அஞ்சி, எழுத்தர்களைக் கொண்டு விடைகளை வேறு தாளில் படியெடுத்த பின்னரே திருத்துவோரிடம் அளித்தனர். இம்முறையை ஐரோப்பியருக்கு விரிவாக அறிவித்த நூல்களுள் ஒன்று, பீகிங் நகரில் 1610-இல் இறந்த இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சியின் குறிப்புகளைக் கொண்டு 1615-இல் இலத்தீன் மொழியில் வெளியானதாகும்.

நம் நாட்டில் இவ்வெண்ணம் ஆங்கிலேயர் வழியாக வந்தது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள் இயக்குநர்களின் பரிந்துரையால் அவர்களுடைய உறவினர்க்கும் நண்பர்க்கும் வழங்கப்பட்டு வந்தன. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிப் பொதுப் போட்டித் தேர்வுக்கு வழி வகுத்தது. முதல் தேர்வு 1855-இல் நடந்தது. சட்டப்படி இந்தியரும் அதனை எழுதலாம். ஆயினும் தேர்வு இலண்டனில் மட்டுமே நடந்தது. இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் சத்தியேந்திரநாத் தாகூர் 1863-இல் வெற்றி பெற்று, அப்பணியில் நுழைந்த முதல் இந்தியரானார். பின்னர் வயது வரம்பையும் பத்தொன்பதாகக் குறைத்தனர். தேர்வு இந்திய மண்ணிலும் நடைபெறுவதற்கு 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விடைத்தாளைத் திருத்தியவர் எழுதியவரின் நிறத்தைக் காணவில்லை என்பது உண்மை. கப்பல் கட்டணம் செலுத்த இயலாதவரின் விடைத்தாளோ அவரிடம் வந்து சேரவே இல்லை என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளும் பின்வந்த தேர்வுகள் அனைத்திலும் இணைந்தே நடப்பதைக் காணலாம்.

ஒரு நூலும் அதன் மறுப்பும்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். மேலாண்மைப் பள்ளித் தேர்வு பிறந்த நாடு அதுவே. முதல் உலகப் போரின்போது அந்நாட்டு இராணுவம் ஏறத்தாழ பதினேழு இலட்சம் வீரர்களுக்கு அறிவுத்திறச் சோதனை நடத்தியது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு தாள், தெரியாதவர்க்குப் படங்களால் ஆன மற்றொரு தாள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பொருள்களைப் பற்றியும் பந்தாட்ட வீரர்களைப் பற்றியும் கூட வினாக்கள் இருந்தன. முந்திய ஆண்டுதான் கப்பலில் வந்திறங்கிய ஓர் இத்தாலியக் குடியானவருக்கு அவை எங்ஙனம் தெரியும்?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலார் கார்ல் பிரிகாம் அச்சோதனையின் மதிப்பெண்களை ஆராய்ந்து 1923-இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தார் அறிவில் உயர்ந்தோர் என்றும், தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தோர் தாழ்ந்தோர் என்றும் அந்நூல் கூறியது. இத்தாலியரும் போலந்து நாட்டினருமாகிய கத்தோலிக்கர் எண்ணற்றோர் அத்தீர்ப்புக்குள் அடங்கினர், யூதரும் அடங்கினர். அம்மக்களின் குடியேற்றத்தை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் 1924-இல் நிறைவேறியது. அதற்கு வழிகோலிய கருத்தோட்டத்தில் இத்தகைய எழுத்துகளுக்கும் பங்கு இருந்தது.

அதே பிரிகாம்தான் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வையும் உருவாக்கினார். 1926-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று ஏறத்தாழ எண்ணாயிரம் மாணவர் அதனை முதன்முறையாக எழுதினர்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டிய செயல் ஒன்று நிகழ்ந்தது. 1930-இல் பிரிகாம் தம் நூலின் முடிவுகளைத் தாமே மறுத்து எழுதினார். வேற்று மொழியும் வேற்றுப் பழக்கவழக்கமும் உடைய மக்களை இத்தகைய சோதனைகளால் ஒப்பிட இயலாது என்றும், தம் பழைய ஆய்வுக்கு அடிப்படையே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். தேர்வுகளை ஆராய்வதும் அவற்றைப் பரப்புவதும் ஒரே பெரு நிறுவனத்தின் கையில் சேர்வதையும் அவர் எதிர்த்து வந்தார். 1943-இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1947-இல், அத்தகைய நிறுவனமே தோன்றியது. கல்வித் தேர்வுப் பணியகம் என்று பொருள்படும் இ.டி.எஸ். அதன் பெயர்.

வணிகப் பள்ளிகளின் வாயில்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், திரும்பி வந்த வீரர்கள் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவித்தொகையோடு கல்லூரிகளை நிறைத்தனர். வணிக மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் நாடுவோர் தொகையும் பெருகிற்று. வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வெவ்வேறு அளவுகோல்களில் மதிப்பெண் பெற்று வரும் இவர்களை ஒப்பிடுவது எவ்வாறு? இவ்வினாவோடு 1953-இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடின. இ.டி.எஸ். நிறுவனம் தேர்வை அமைத்துத் தந்தது. 1954-இல் தொடங்கிய அத்தேர்வை முதல் ஆண்டில் எழுதியோர் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. 1976-இல் அதற்கு இன்று வழங்கும் ஜிமேட் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

மொழித்திறன், கணக்கு ஆகிய இரண்டுமே அத்தேர்வின் தூண்களாக இருந்து வந்துள்ளன. 1994-இல் கட்டுரை எழுதுதலும் சேர்ந்தது. 1997-இல் தாளும் பென்சிலும் நீங்கிக் கணிப்பொறி வந்தது. சரியான விடை அளித்தால் அடுத்த வினா கடினமாகும்; தவறினால் எளிதாகும். ஒரு வினாவை விட்டு அகன்றபின் அதற்குத் திரும்ப இயலாது. 1999 முதல் கட்டுரையை ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும் படித்து மதிப்பிடலாயினர். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் கட்டுரையே நீக்கப்பட்டது. பகுதிக்கு மூன்று விடைகள் வரை திரும்பிச் சென்று மாற்றிக்கொள்ளும் சலுகையும் அப்போது வந்தது.

இத்தேர்வு எதை அளப்பதாகக் கூறுகிறது? மேலாண்மைப் பள்ளியில், குறிப்பாக முதல் ஆண்டில், ஒரு மாணவர் எத்தகைய மதிப்பெண் பெறக்கூடும் என்பதை ஓரளவு முன்னறிவிக்கலாம் என்பதே அதன் உரிமைகோரல். நேர்மையையோ, துணிவையோ, தொழிலாளர் ஒருவரின் துயரத்தைக் கேட்கும் பொறுமையையோ அளப்பதாக அது கூறியதில்லை. புகழ்பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளியே 1980-களின் நடுவில் இம்மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்தி, ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் ஏற்றது. தேர்வை அமைத்தோர் அடக்கமாகக் கூறியதை, அதனை எழுதுவோரின் பெற்றோரும் சுற்றத்தாரும்தாம் ஊழ்வினைபோல் பெரிதாக்கிக் கொள்கிறோம்.

நிலவறையில் தொடங்கிய பயிற்சி

தேர்வு வந்தால் அதற்குப் பயிற்சியும் வரும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குழாய்ப் பணி செய்த யூதர் ஒருவரின் மகன் ஸ்டான்லி கேப்லன். 1938-இல் தம் பெற்றோர் வீட்டின் நிலவறையில் மாணவர்க்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். மருத்துவப் பள்ளிகள் தம்மை ஏற்க மறுத்தமைக்குத் தாம் யூதர் என்பதும், கட்டணமில்லாப் பொதுக் கல்லூரியில் பயின்றவர் என்பதுமே காரணம் என்று அவர் நம்பினார். ஒரு பொது நுழைவுத் தேர்வு இருந்திருந்தால் தம் தகுதியை மெய்ப்பித்திருக்கலாமே என்பது அவர் மனக்குறை. ஆகவே தேர்வுகளை அவர் வெறுக்கவில்லை. முகம் பார்த்துக் கதவடைப்போருக்கு எதிரான கருவியாகவே கருதினார். 1946 முதல் எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் பயிற்சி அளித்தார்.

இத்தேர்வுகள் உள்ளார்ந்த திறனை அளப்பவை, பயிற்சியால் பயனில்லை என்று தேர்வு நடத்துவோர் நெடுங்காலம் கூறி வந்தனர். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆராய்ந்து, பயிற்சியினால் மதிப்பெண் உயரவே செய்கிறது என்று 1979-இல் அறிவித்தது. இதன் பொருளை நாம் இரு வகையாகக் கொள்ளலாம். உழைப்பால் உயரலாம் என்பது ஒன்று, அது நற்செய்தி. உழைப்பதற்குரிய நேரமும் ஆசிரியரும் விலைக்கு வாங்கப்படும்போது, மறைத்து வைத்த செல்வம் மறுவாயிலால் தேர்வறைக்குள் நுழைந்துவிடும் என்பது மற்றொன்று. நிலவறையில் தொடங்கிய கேப்லனின் பயிற்சியகம் 1984-இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அது நாடெங்கும் பரவிய பெருந்தொழிலாகி இருந்தது.

நம் நாட்டில்

இந்திய மேலாண்மைக் கல்வியின் வரலாற்றில் இயேசு சபையாருக்குத் தனி இடம் உண்டு. எஃகு நகரமாகிய ஜாம்ஷெட்பூரில் 1949-இல் அருள்தந்தை குவின் என்ரைட் தொடங்கிய நிறுவனமே எக்ஸ்.எல்.ஆர்.ஐ. அப்பெயரில் உள்ள 'எல்' என்னும் எழுத்து தொழிலாளரைக் குறிக்கும். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவைப் பயில்வதற்கென்றே அது எழுந்தது. மத்திய அரசின் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1961-இல். கல்கத்தா நிறுவனத்துக்கு எம்.ஐ.டி.யும், அகமதாபாத் நிறுவனத்துக்கு ஹார்வர்டும் துணை நின்றன. 2011-இல் நம் திருச்சிராப்பள்ளியிலும் அத்தகைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பெற்றது.

அரசு நிறுவனங்களின் பொதுத் தேர்வு கேட் எனப்படும். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்துவது எக்ஸ்.ஏ.டி.; சென்னை இலயோலா கல்லூரி வளாகத்தில் 1979-இல் தோன்றிய லிபா நிறுவனமும் அம்மதிப்பெண்ணை ஏற்கிறது. எக்ஸ்.ஏ.டி. தேர்வில் கணக்கும் மொழியும் மட்டுமன்றி, முடிவெடுக்கும் திறன் என்றொரு பகுதியும் உண்டு. ஓர் அலுவலகச் சிக்கலை விவரித்து, பலருடைய நலன்கள் மோதும் அந்நிலையில் எது தக்க செயல் என்று வினவுவார்கள். நான்கைந்து விடைகளுள் ஒன்றைக் குறிப்பதால் மனச்சான்று வெளிப்பட்டுவிடுமா என்று கேட்கலாம். வெளிப்படாது. ஆயினும், மேலாளராக வரப்போகும் ஒருவரிடம் இதையும் கேட்க வேண்டும் என்று எண்ணியதே போற்றத்தக்கது.

போட்டி மிகும் இடத்தில் களவும் நுழையும். 2003 நவம்பர் 23 அன்று நடந்த கேட் தேர்வின் வினாத்தாள் முன்னரே கசிந்தமை தெரிய வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு நீக்கப்பட்டு, 2004 பிப்ரவரி 15 அன்று மீண்டும் நடத்தப்பட்டது. சிலரது பேராசைக்காக நேர்மையாக உழைத்தோர் அனைவரும் மறுபடி அமர வேண்டியதாயிற்று. 2009-இல் தேர்வு கணிப்பொறிக்கு மாறியபோதும், முதல் நாள்களில் பல மையங்களில் இயந்திரங்கள் பழுதுபட்டுப் பலருக்கு மறுதேர்வு வைத்தனர்.

வாயிலை அகலப்படுத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு நூற்றுக்கு 27 இடங்களை ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2008-இல் அதனை ஏற்றது. 2024-இல் கேட் விண்ணப்பக் கட்டணம் ரூ.2500, பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அதில் பாதி. இவையெல்லாம் நீதியின் பாற்பட்டவையே. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது.

நாற்பது நிமிடம்

தேர்வு அறையில் நிகழ்வதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கேட் தேர்வில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஒன்றில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல இயலாது. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தெரிவு வினாவில் தவறினால் ஒன்று கழியும். ஆதலின் எதைச் செய்வது என்பதோடு எதை விட்டுவிடுவது என்பதையும் கற்றிருக்க வேண்டும். மாதிரித் தேர்வுகள் பல எழுதி, தவறியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஏன் தவறினோம் என்று மறுநாள் ஆராய்ந்தால்தான் இது கைவரும். ஆங்கில நாளேட்டின் தலையங்கங்களை மாதக்கணக்கில் படித்துப் பழகிய கண், ஒரு பத்தியின் சாரத்தை விரைந்து பற்றும். வீட்டில் ஆங்கில நாளேடே நுழையாத ஒருவர், அதே அறிவுக்கூர்மை உடையவராயினும், ஒவ்வொரு வரியிலும் நின்று நின்றே செல்வார். அவ்விருவருக்கும் கடிகாரம் ஒன்றே.

இறுதியில் வருவது 'பெர்சன்டைல்' எனப்படும் ஓர் எண். தொண்ணூறு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அன்று, எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இவருக்குக் கீழே உள்ளனர் என்பதே அதன் பொருள். ஒருவர் என்ன அறிவார் என்பதை அது கூறவில்லை. அவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதையே கூறுகிறது. எல்லோரும் நன்றாகப் படித்து வந்தாலும் பாதிப் பேர் பாதிக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். இத்தகைய எண்ணைக் கொண்டு தம் வாழ்வையே மதிப்பிட்டுக்கொள்ளும் இளையோரை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

அவ்வாண்டுத் தேர்வை ஏறத்தாழ 2,88,000 பேர் எழுதினர். டிசம்பர் 21 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, முடிவு வந்தது. கோவில் முற்றத்தில் குடில் அமைத்துக்கொண்டிருந்தவர்களிடையே நம் இளைஞரும் இருந்தார். கணக்கில் நல்ல நிலை. மொழிப் பகுதியில் மிகக் கீழே. வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு அறிவு பத்தலையா சாமி?"

பிரிகாமின் கதையை அவருக்குச் சொன்னேன். இலட்சக்கணக்கானோரை அறிவற்றோர் என்று எழுதிய அறிஞரே, தாம் அளந்தது அறிவையன்று என்று ஏழாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். பாதி ஆறுதலோடு அவர் சென்றார். எனக்கோ அந்த ஆறுதலும் இல்லை.

காரணத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். பங்குத்தந்தை இல்லத்துக்கு நாள்தோறும் ஆங்கில நாளேடு ஒன்று வருகிறது. நான் காலையில் பத்து நிமிடம் புரட்டியபின் அது கட்டாகக் கட்டப்பட்டு, மாதந்தோறும் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கோவிலை ஒட்டிய அறையொன்று திருவிழாத் தோரணங்களுடன் ஆண்டு முழுதும் பூட்டியே கிடந்தது. ஆங்கிலம் நன்கறிந்த ஆசிரியைகள் இருவர் ஓய்வு பெற்று, கோவில் தெருவிலேயே வாழ்கின்றனர். அவ்விளைஞர் இரண்டு ஆண்டுகள் தனியே படித்தார். நான் அவருக்காகச் செலவிட்டது ஒரு நிமிடம். தாளை மந்திரித்துக் கொடுத்தது குற்றமன்று. அதற்கு முந்திய எழுநூறு மாலைகளில் நான் எங்கிருந்தேன் என்பதே கேள்வி.

2024 சனவரியில் அவ்வறையின் தோரணங்களை மாடிக்கு ஏற்றினோம். இரண்டு மேசைகள், எட்டு நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். நாளேடு காலை பத்து மணிக்கு அங்கே போய்விடும். ஆசிரியைகள் இருவரும் வாரம் மூன்று நாள் வருகின்றனர். நம் இளைஞர் அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதி, நம் மாநிலக் கல்லூரி ஒன்றிலேயே எம்.பி.ஏ. சேர்ந்தார். விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் இளையவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இதனைப் பெரிய சாதனையாக நான் கூறவில்லை. எட்டு நாற்காலிகளும் எல்லா நாளும் நிறைவதில்லை.

தேர்வு முகம் பார்க்காதிருப்பது அதன் அறம். அவ்வறம் நிலைபெறட்டும். ஆனால் தேர்வுக்கு முந்திய காலத்தில் யாரேனும் ஒருவர் அம்மாணவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் எந்த வரியில் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று அருகமர்ந்து கேட்டாக வேண்டும். அதைச் செய்யக் கடமைப்பட்டோர் பெற்றோரும் பங்குச் சமூகமும் ஆகிய நாமே. அடுத்த நவம்பரிலும் ஹால் டிக்கெட்டுகள் என் மேசைக்கு வரும், மந்திரித்துக் கொடுப்பேன். அவற்றில் உள்ள பெயர்கள் எனக்கு முன்பே தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்பதே இப்போது என் மன்றாட்டு.